கல்லீரல் சுருங்கியவர்களுக்குக் கணையத்திலும் நோய் வந்தால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டி, குழித்துறைப் பக்கம் ஒரு சின்ன லேபில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம், சிறுநீர், வயிற்று நீர் எல்லாம் பரிசோதித்து வருகிறேன். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாம்பிள் வந்தது. ரப்பர் பால் வெட்டும் ஒருவருடைய வயிற்றிலிருந்து ஊசி போட்டு எடுத்த நீர். வைக்கோல் நிறம், லேசான கலங்கல். மூன்று மாதத்தில் நான்கு தடவை அவருக்கு நீர் எடுத்திருந்தார்கள். கல்லீரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ் என்று ஏற்கெனவே தெரியும். சீட்டில் வழக்கமான செல் கவுண்ட், புரதம், ஆல்புமின் இவற்றுக்குக் கீழே புதிதாக வந்த ஒரு இளம் டாக்டர் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: அமிலேஸ். கணையச் சாற்றில் உள்ள ஒரு நொதி அது.

மெஷினில் வைத்தேன். அளவுக்கு மேல் போய்விட்டது, நீர்த்து மறுபடி வை என்று காட்டியது. சலைன் விட்டுப் பத்துக்கு ஒன்றாக நீர்த்து வைத்தேன். கணக்கைப் பெருக்கிப் பார்த்தால் ஆறாயிரத்துக்கு மேல். ரத்தத்தில் அதே அமிலேஸ் இருநூற்றுச் சொச்சம்தான்.

சாதாரண சிரோசிஸில் வயிற்று நீரின் அமிலேஸ், ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். இங்கே பல மடங்கு கூடுதல். கணையக் குழாய் எங்கோ உடைந்து, சாறு வயிற்றுக்குள் கசிகிறது என்று அர்த்தம். முந்தைய மூன்று தடவையும் யாரும் இதைப் பார்க்கச் சொல்லவில்லை. லிவர் கேஸ், லிவர் தண்ணி என்றே எடுத்து எடுத்துக் கொட்டியிருக்கிறார்கள். அவருடைய மனைவி ரிசல்ட் வாங்க வந்தபோது கேட்டது இதுதான்: "எக்கா, எடுக்க எடுக்க ஊறிக்கிட்டே இருக்குதே, இது எப்பம் நிக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கல்லீரல் நோய் முற்றியவர்களின் வீட்டில் எல்லாரும் கல்லீரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே கணையம் கெட்டுக்கொண்டிருப்பது பல நேரம் கண்ணில் படாது. சில நேரம் இதற்கு நேர்மாறாக, கணையத்தில் ஒன்றுமே இல்லாதபோது ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து வீடே பயந்து போகும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

நம்ம பக்கத்தில் சொல் குழப்பம் வேறு இருக்கிறது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் வைத்தியம் பார்க்கிறவர்கள் பாதிப் பேர். அங்கே டாக்டர் "கரள்" என்பார், அது கல்லீரல். "ஆக்னேயக்ரந்தி" என்றால் கணையம். கேட்டுவிட்டு வருகிற நம் ஆட்கள் "ஏதோ கிரந்தியாம்" என்று ஊரில் வந்து சொல்லும்போது அது கழுத்துக் கட்டியாக மாறியிருக்கும். அதனால் முதலில் உறுப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் ஒரே கொல்லையில்

கல்லீரல் வலது விலாவுக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கிறது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை நூறு கிராமுக்குள். பார்க்க அற்பம், வேலை பெரிது. தினமும் ஒரு லிட்டருக்கு மேல் செரிமானச் சாறு சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. அமிலேஸும் லைபேஸும் அந்தச் சாற்றில் உள்ள நொதிகள். அதோடு இன்சுலினை நேராக ரத்தத்தில் சேர்க்கிறது.

இரண்டு உறுப்புக்கும் இரண்டு இணைப்பு உண்டு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒன்று, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வருகிற ரத்தக் குழாய்கள் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால்தான் ஒன்றுசேர்ந்து, போர்ட்டல் சிரை என்ற பெருங்குழாயாகிக் கல்லீரலுக்குள் போகின்றன. இரண்டு, கல்லீரலிலிருந்து இறங்குகிற பித்தக் குழாய் கணையத்தின் தலைப் பகுதியைத் துளைத்துக்கொண்டுதான் குடலில் திறக்கிறது.

கல்லீரல் தழும்பேறிச் சுருங்கினால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும். மதகு அடைபட்ட வாய்க்கால்போல ரத்தம் பின்னால் தேங்கும். மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாயில் நரம்பு புடைக்கும், வயிற்றில் நீர் கோக்கும். நம் பாட்டிமார் மகோதரம் என்றது இதைத்தான்.

பாதிப்பு மறுபக்கத்திலிருந்தும் வரலாம். கணையம் திரும்பத் திரும்ப வீங்கித் தழும்பானால், அதன் முதுகை ஒட்டி ஓடும் மண்ணீரல் சிரையில் ரத்தம் உறைந்துபோகும். அப்போது கல்லீரல் நன்றாக இருந்தாலும் இரைப்பையில் நரம்பு புடைத்து ரத்த வாந்தி வரும். கணையத் தலை பித்தக் குழாயை மாதக்கணக்கில் நெரித்தால், பித்தம் தேங்கிக் கல்லீரலே கெட்டு சிரோசிஸாகவும் முடியலாம். ஆகவே மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லி என்று போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே. முதலில் ஒரு ஸ்கேன் எடுத்து, குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த குழாயை எந்தப் பச்சிலையும் திறக்காது. காமாலையோடு குளிர்நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

குடிக்காதவருக்கும் வரும்

இரண்டு உறுப்பையும் ஒன்றாகத் தாக்குவதில் மது முதலிடத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் குடிக்கிற எல்லாருக்கும் இரண்டும் கெடுவதில்லை. ஒருவருக்குக் கல்லீரல் போகும், இன்னொருவருக்குக் கணையம் போகும். இரண்டும் வெளிப்படையாகக் கெடுகிறவர்கள் சிலர்தான். பிறவிக் கூறும் புகைப் பழக்கமும் இதில் பங்கு வகிக்கின்றன. குடியை விட்டுவிட்டுப் பீடியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் நிறைய. பீடியும் சிகரெட்டும் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். குடியை விட்டது பெரிய காரியம், மறுக்கவில்லை. பீடியையும் சேர்த்து விட்டால்தான் கணையம் தப்பும்.

குடி தவிர வேறு காரணங்களும் உண்டு. சிரோசிஸ்காரர்களுக்குப் பித்தப்பைக் கல் மற்றவர்களைவிட அதிகம் வரும். அந்தக் கல் இறங்கி வழியை அடைத்தால் கணையம் வீங்கும். உடம்பில் இரும்புச் சத்து அளவுக்கு மீறித் தேங்குகிற ஒரு பரம்பரை நோய் கல்லீரலையும் கணையத்தையும் சேர்த்தே அரிக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் கல்லீரலைத் தாக்குகிற நோய்க்குக் கொடுக்கிற அசதயோபிரின் மாத்திரை, சிலருக்கு மட்டும் கணைய அழற்சியை உண்டாக்கும்.

நம் எல்லைப் பகுதிக்கென்றே ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1956-க்கு முன் நாமும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம், சாப்பாடும் ஒன்றுதான்: மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும். 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ், மது தொடாத இளம் வயதினருக்குக் கணையக் குழாய் நிறையக் கல்லும், கூடவே சர்க்கரை நோயும் இருப்பதை நூற்றுக்கணக்கானவர்களிடம் கண்டு பதிவு செய்தார். வெப்ப மண்டலக் கணைய அழற்சி என்று இதற்குப் பெயர் வந்தது. மரச்சீனியில் உள்ள சயனைடுதான் காரணமோ என்று வெகுகாலம் பேசினார்கள். பிறகு மரச்சீனியே தின்னாத ஊர்களிலும் இந்நோய் தென்பட்டது. ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் பலரிடம் காணப்பட்டது. மரச்சீனி மட்டுமே குற்றவாளி என்று இன்று யாரும் சொல்வதில்லை. நம் வீடுகளில் செய்வதுபோல நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சயனைடும் பெருமளவு போய்விடும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வயிறு வீங்கிய ஒருவரைப் பார்த்ததும் "குடிச்சுக் குடிச்சு ஆக்கிக்கிட்டான்" என்று சொல்லிவிடுகிற ஊர் நம்முடையது. குடிக்காத பெண்கள் இந்தப் பேச்சுக்குப் பயந்தே ஆஸ்பத்திரிக்கு வருவதைத் தள்ளிப் போட்டதைக் கண்டிருக்கிறேன். கொழுப்புக் கல்லீரல், மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள், மேலே சொன்ன கணையக் கல் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. குடித்து வந்த நோய் என்றாலும் அது நோய்தான்.

ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

கணைய அழற்சி என்று முடிவு செய்ய உலகம் முழுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மேல் வயிற்றில் முதுகுக்கு ஊடுருவுகிற வலி, அமிலேஸோ லைபேஸோ நார்மலின் உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்காவது இருப்பது, ஸ்கேனில் அழற்சி தெரிவது. இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்.

கல்லீரல் முற்றியவர்களிடம் இந்த விதியை நிதானமாகப் பயன்படுத்த வேண்டும். ரத்தத்திலிருந்து அமிலேஸை அகற்றுவதில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. இரண்டும் தளர்ந்தால் கணையம் நன்றாக இருந்தாலும் அளவு கொஞ்சம் ஏறி நிற்கும். பல வருஷம் குடித்தவர்களுக்குக் கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கும், அமிலேஸ் அங்கிருந்தும் வரும். எனவே வலி இல்லாமல், அளவு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று மட்டும் வந்தால் அதைக் கணைய அழற்சி என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். மறுபுறம், பத்து இருபது வருஷமாக அரித்துப்போன கணையத்தில் சுரக்கவே சதை மிஞ்சியிருக்காது. அங்கே வலி உயிர் போகும், லைபேஸ் நார்மலாக இருக்கும்.

சிஏ 19-9 என்று ஒரு பரிசோதனை உண்டு. கணையப் புற்றுநோயில் கூடும் என்று இணையத்தில் படித்துவிட்டு அழுதுகொண்டு வருகிறார்கள். சிரோசிஸிலும், பித்தம் அடைபட்ட காமாலையிலும் புற்றுநோய் இல்லாமலே அது கூடும். அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள், ஸ்கேனோடு சேர்த்து டாக்டர் சொல்லட்டும். கல்லீரல் மாற்று அறுவைக்கு முன் எடுக்கிற எம்ஆர்ஐயில் கணையத்தில் சின்ன நீர்க்கட்டி தெரிவதும் இப்படித்தான். பெரும்பாலும் கண்காணித்தால் போதும். அதற்காக மாற்று அறுவையே நடக்காது என்று மனம் உடைய வேண்டாம்.

வயிற்று நீருக்கு வருவோம். ஒரே நாளில் ரத்தத்திலும் நீரிலும் ஆல்புமின் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மிச்சம் (100 மில்லிக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில்) 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால் போர்ட்டல் அழுத்தம்தான் நீருக்குக் காரணம். கணையக் கசிவு மட்டும் என்றால் மிச்சம் 1.1-க்குக் கீழே இருக்கும், நீரில் மொத்தப் புரதம் பெரும்பாலும் 3 கிராமைத் தாண்டும், அமிலேஸ் ஆயிரத்துக்கு மேல் போகும். நான் சொன்ன பால்வெட்டுக்காரருக்கு ரத்தத்தில் 2.6, நீரில் 1.4. மிச்சம் 1.2. கல்லீரலும் காரணம். புரதம் 3.2, அமிலேஸ் ஆறாயிரம். கணையமும் காரணம். ஒரே வயிற்றில் இரண்டு ஊற்று. அதனால்தான் நீர் பிரியும் மாத்திரை எவ்வளவு கொடுத்தும் அடங்கவில்லை.

அவரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். எம்ஆர்ஐயில் கணையக் குழாயின் நடுப்பகுதியில் உடைப்புத் தெரிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, கணையக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்ன பிளாஸ்டிக் குழலை வைத்தார்கள். சிரோசிஸ்காரர்களுக்கு ரத்தம் உறைவதில் கோளாறு இருக்கும், தட்டணுவும் குறைவு. அதனால் இந்தச் சிகிச்சைக்கு முன் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்த்து, ரத்தக் கசிவுக்கு முன்னேற்பாடு செய்துகொண்டுதான் இறங்குவார்கள். ஆறு வாரம் கழித்து அந்த அம்மா வந்தபோது, மறுபடி நீர் எடுக்க வேண்டி வரவில்லை என்றார்கள். கல்லீரலால் வரும் கொஞ்ச நீர் மாத்திரையிலேயே அடங்குகிறது.

திடீர்க் கணைய அழற்சி வந்தால் சிரோசிஸ்காரர்களைக் காப்பாற்றுவது ஏன் கடினம் என்று பலர் கேட்பார்கள். மற்றவர்களுக்கு முதல் நாளில் அளவு பார்த்து நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவதுதான் முக்கிய வைத்தியம். இவர்களுக்கு ஏற்றினால் அது வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும், ஏற்றாவிட்டால் சிறுநீரகம் கெடும். இந்தக் கயிற்றில் நடக்க அனுபவமுள்ள வார்டு வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் போகலாம் என்று நினைக்கக் கூடாது. வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவது அதைவிட ஆபத்து. சிரோசிஸில் அது சிறுநீரகத்தைக் கெடுத்து ரத்தப்போக்கையும் கிளப்பும்.

சர்க்கரையும் சாப்பாடும்

கணையம் சுரக்கிற இன்சுலின் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் அங்கேயே எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கு விடுகிறது. சுருங்கிய கல்லீரலால் இது முடியாது, ரத்தமும் சுற்றுவழியாகக் கல்லீரலைத் தொடாமல் ஓடுகிறது. உடம்பில் இன்சுலின் கூடிக்கிடக்கும், ஆனால் தசைகள் அதற்கு இணங்காது. களைத்துப்போகிற கணையம் ஒரு கட்டத்தில் ஈடுகொடுக்க முடியாமல் நிற்கும். கல்லீரல் நோயால் வந்த சர்க்கரை இதுதான். கணையமும் அரித்திருந்தால் இன்சுலினே போதாது.

இவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலாக இருந்து, சாப்பிட்ட பின் எகிறும். மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி பரிசோதனை இவர்களிடம் ஏமாற்றும். சிவப்பணு 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் அது ஓடுகிறது. வீங்கிய மண்ணீரல் அணுக்களைச் சீக்கிரமே அழித்துவிடும், ரத்தம் ஏற்றியிருந்தால் வேறொருவருடைய அணுக்கள் கலந்திருக்கும். ரிப்போர்ட்டில் 5.4 என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, அதே ஆளின் சாப்பிட்ட பின் சர்க்கரை 280 என்று எழுதிய நாட்கள் எனக்கு உண்டு. குளுக்கோமீட்டரில் விரல் குத்திப் பார்ப்பதுதான் இவர்களுக்கு நம்பகம். பக்கத்து வீட்டார் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையைக் கடன் வாங்கிப் போடவே கூடாது. முற்றிய கல்லீரலில் பல மாத்திரைகள் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும், சில ரத்தத்தில் அமிலம் ஏற்றும். அதனால்தான் டாக்டர்கள் பெரும்பாலும் இன்சுலின் ஊசிக்கு மாற்றுவார்கள்.

நல்ல கல்லீரல் இரவு முழுக்கச் சேமித்து வைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். சுருங்கிய கல்லீரலில் சேமிப்பு இல்லை. அவர்களுடைய ஒரு ராத்திரிப் பட்டினி, ஆரோக்கியமானவரின் இரண்டு மூன்று நாள் பட்டினிக்குச் சமம். உடம்பு தன் சொந்தத் தசையைக் கரைத்துத்தான் விடியவைக்கும். படுக்கப் போகும்முன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான். நம் வீட்டில் இருக்கிற பயறு போட்ட கஞ்சி ஒரு கிண்ணம் போதும். ஏத்தம்பழமும் (நேந்திரன்) ஆகும், சர்க்கரை ஏறுகிறதா என்று பார்த்து அளவை வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தைக் குறைக்கச் சொன்ன பழைய காலம் போய்விட்டது, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள் இப்போது. குறைக்க வேண்டியது உப்பு. வயிற்றில் நீர் உள்ளவருக்குக் கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் ஆகவே ஆகாது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், இருந்தாலும் கருவாட்டை விட்டுப் பச்சை மீனைக் குழம்பு வையுங்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறாரா, மலம் வெளுத்து, எண்ணெய் மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் கழிப்பறைக் கோப்பையில் ஒட்டிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். கொழுப்புச் செரிக்கவில்லை என்று அர்த்தம். பித்தம் போதாமலும் இது வரும், கணையச் சாறு போதாமலும் வரும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற பரிசோதனை கணையத்தின் பக்கம் கையைக் காட்டும். கணையம்தான் என்றால் நொதிக் கேப்சூல் தருவார்கள். அதை வெறும் வயிற்றிலோ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ விழுங்கினால் வீண், சோற்றோடு சோறாகப் போக வேண்டும். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது அது. மத நம்பிக்கையால் தயக்கம் உள்ளவர்கள் டாக்டரிடம் முதலிலேயே மனம் விட்டுப் பேசுங்கள், சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு முறை வயிற்று நீர் எடுத்த தேதி, எத்தனை லிட்டர், அந்த நீரின் ரிப்போர்ட், அதே நாள் ரத்த ரிப்போர்ட், இவற்றை ஒரே பையில் தேதி வரிசையில் வையுங்கள். அங்கே மலையாளம் பேசுகிற டாக்டருக்கும் எண்கள் புரியும். நீரில் அமிலேஸ் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள், கேட்டதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள். ரத்த வாந்தி, கரிபோலக் கறுத்த மலம், தூக்கமும் குழப்பமுமாக உளறுவது, வயிற்று நீரோடு காய்ச்சல், முதுகைத் துளைக்கும் மேல் வயிற்று வலி, இவற்றில் ஒன்று வந்தால் பழகிய டாக்டரைத் தேடித் திருவனந்தபுரம் பஸ் ஏறாதீர்கள். 108-ஐ அழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ வேறு எது பக்கமோ அங்கே முதலில் போங்கள், ரிப்போர்ட் பையோடு.